பத்தாம் பிடி

எங்கள் மாநகரில் ஐந்து தீயணைப்பு நிலையங்கள் உண்டு. கோட்டைவாசல், உப்பளம், ஆற்றுப்பாலம், ரயிலடி, மில்கேட் என்று அவற்றுக்குப் பெயர். அந்த ஐந்திலும் சேர்த்து நூற்றுப்பத்துப் பேர் வேலை பார்த்தோம், நூற்றுப்பத்துப் பேரும் முறை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஒருத்தியின் கீழே விரிப்பைப் பிடித்து நின்றோம், அந்த மூன்று வருடமும் அவள் விழவும் இல்லை, விழாமல் இருக்கவும் இல்லை. நான் கோட்டைவாசல் நிலையத்துக்காரன். பெயர் இருதயராஜ். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, ‘ஏழு’ என்றால்தான் தெரியும், ஏனென்றால் விரிப்பில் ஏழாம் பிடி என்னுடையது.

விரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் குதித்தால் தாங்குவதற்கான வட்டமான கித்தான் அது, ஜம்பிங் ஷீட் என்போம், விளிம்பைச் சுற்றிக் கயிற்றுப் பிடிகள் பத்து, பிடிக்கு ஒரு ஆள். நெஞ்சு உயரத்துக்கு இழுத்துப் பிடித்ததும் முதல் ஆள் ‘ஒண்ணு’ என்பான், அடுத்தவன் ‘ரெண்டு’ என்பான், அப்படியே சுற்றி வந்து பத்தாம் ஆள் ‘பத்து’ என்று சொன்ன பிறகுதான், விரிப்பைத் தொடாமல் தள்ளி நிற்கும் தலைமையாள் மேலே பார்த்துக் ‘குதிங்க’ என்று சொல்லலாம். அது சட்டம். ஆனால் எங்கள் துறையில் வழக்கம் என்று வேறொன்று இருந்தது, எந்தப் புத்தகத்திலும் எழுதாதது. ஆள் எப்போதும் பற்றாக்குறை, மந்திரி வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு ஒருத்தன் போவான், தேரோட்டத்துக்கு இரண்டு பேர் போவார்கள், பெயர் மட்டும் சொந்த நிலையத்துப் பதிவேட்டிலேயே கிடக்கும், காலை ரோல்காலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்கும் சேர்த்து ‘ஆஜர்’ சொல்லிவிடுவான். இல்லாத ஆளைக் குரலால் நிரப்புவது எங்களுக்குக் கைவந்த கலை. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வாய் அப்படிப் பழகிவிட்டது.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. பெரிய கடைவீதியில் மூன்றாவது மாடி, நைட்டி தைக்கும் கம்பெனி, தேய்ப்பு மேசையில் பிடித்த தீ துணிக் கழிவுக்குள் இறங்கி, மாடிப்படியைப் புகையால் அடைத்துவிட்டது. நாற்பது பேர் இறங்கி ஓடி வந்துவிட்டார்கள். பின்கட்டில் பொத்தான் எடுக்கப் போயிருந்த இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அக்காள் தங்கை. செண்பகவல்லிக்கு இருபத்தொன்பது வயது, ஆவுடைக்கு இருபத்திரண்டு. நாங்கள் போய் இறங்கியபோது இருவரும் தெருப்பக்கத்து ஜன்னலில் நின்றார்கள், அக்காள் சட்டத்தின் மேல் ஏறியிருந்தாள், தங்கை பின்னால் அவள் இடுப்பைப் பிடித்திருந்தாள், அக்காளின் முந்தானை ஓரத்தில் கட்டைவிரல் அளவு தீ பற்றியிருந்தது.

எங்களுக்குத் தலைமையாள் தவசிமுத்து அண்ணாச்சி, அப்போது ஐம்பது வயது, ஒரு தப்புத்தண்டா இல்லாத மனிதர், கால் பூட்ஸின் கயிறு நீளத்தைக்கூட அளந்து வைத்திருப்பார். வண்டியை விட்டு இறங்கிய முக்கால் நிமிடத்தில் விரிப்பை விரித்துவிட்டோம். மேலேயிருந்து செண்பகவல்லி, பிடித்துவிடுவீர்களா என்று கேட்டாள். நாங்க இருக்கோம் தாயி என்றார் அண்ணாச்சி. எண்ணிக்கை தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஓடி, நான் ‘ஏழு’ சொன்னேன், எட்டு வந்தது, ஒன்பது வந்தது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பத்தாம் பிடிக்கு உரிய கொம்பையா அன்றைக்கு ஹெலிகாப்டர் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். பத்தாம் பிடி வெறுமனே தொங்கியது. ஜன்னலில் புகை கறுத்து உருண்டு வந்தது, அடுத்த மூச்சில் ‘பத்து’ என்று ஒரு குரல் கேட்டது, அது அண்ணாச்சியின் குரல், அதே குரல் அதே மூச்சில் ‘குதி தாயி’ என்றது.

அவர் கை சும்மாதான் இருந்தது. அந்தப் பிடியை அவரே பிடித்திருக்கலாம். தலைமையாள் விரிப்பைத் தொடக் கூடாது என்று சட்டம் இருந்ததால் தொடவில்லை, பத்து வராமல் குதிக்கச் சொல்லக் கூடாது என்றும் சட்டம் இருந்ததால் பத்தை அவரே சொல்லிவிட்டார். வெளியாள் யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தெரியாது, எங்களால் மட்டும்தான் முடியும்.

செண்பகவல்லி குதித்தாள். நாங்கள் ஒன்பது பேரும் பல்லைக் கடித்து, காலை ஊன்றி, தோளில் வந்து இறங்கப்போகிற பாரத்துக்காகக் காத்திருந்தோம். பாரம் வரவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் எங்களுக்கு மேலே பதினான்கு அடி உயரத்தில் நின்றுபோயிருந்தாள், நாற்காலியில் உட்காரப் போகிறவளைப் போலக் காலை மடக்கி, தலைமயிர் மேல்நோக்கிப் பறந்தபடி, முந்தானை விரிந்தபடி, அதன் ஓரத்தில் அந்தக் கட்டைவிரல் தீ அணையாமலும் வளராமலும் நின்றபடி. கண் திறந்திருந்தது. அவள் பார்த்த இடம் பத்தாம் பிடி.

கடைவீதியில் முந்நூறு பேர் நின்றிருப்பார்கள். ஒரு சத்தமில்லை. இந்த நேரத்தில்தான் அந்த ஆறு நிமிடம் நடந்தது, அதைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. எங்கள் ஏணியை நிமிர்த்த நாலு பேர் வேண்டும். நாங்கள் ஒன்பது பேரும் விரிப்பில் இருந்தோம், நாலு பேர் விட்டுவிட்டுப் போனால், அந்த நொடியில் அவள் விழுந்தால் என்ன ஆவது என்று ஒருத்தரும் கையை எடுக்கவில்லை. அண்ணாச்சி ஒருத்தர்தான் சும்மா இருந்தவர், அவர் மாடிப்படிக்குள் ஓடினார், இரண்டாம் மாடி வரை போய் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பினார். முந்நூறு பேரில் ஒன்பது பேரைக் கூப்பிட்டு இதைப் பிடியுங்கள் என்று எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை, நாங்கள் பிடிக்கிறோம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அந்தரத்தில் நின்றவளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பளம் நிலையத்து ஏணி வண்டி வந்து சேர ஆறு நிமிடம் ஆனது.

ஆவுடை அந்த ஆறு நிமிடமும் ஜன்னலில்தான் இருந்திருக்கிறாள். அவள் குதித்திருக்கலாம். ஆனால் குதிக்கிற வழியில் அக்காள் நின்றாள். அக்காள் மேலே விழக் கூடாது என்று, அவள் இறங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். கத்தவில்லை. உப்பளத்துக்காரர்கள் ஏறி எடுத்தபோது இரண்டு கையும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி இருந்தன, விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. 

கட்டடத்துத் தீ மதியத்துக்குள் அடங்கிவிட்டது. தீ முழுக்க அணைந்தது, வேறு உதவி வேண்டாம் என்று சம்பவ இடத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வதை ஸ்டாப் மெசேஜ் என்போம், அதைச் சொன்னால்தான் அழைப்பு முடிந்ததாகக் கணக்கு. அண்ணாச்சி வயர்லெஸ்ஸை எடுத்தார், அவள் முந்தானையைப் பார்த்தார், வைத்துவிட்டார். உப்பளத்துக்காரர்கள் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள், தண்ணீர் அவளைத் தொட்டு எங்கள் மேல் கொட்டியது, தீ அப்படியே நின்றது. கயிறு கட்டி இழுத்தார்கள், அவள் அசையவில்லை. மாலையில் மாவட்ட அலுவலர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சு மெத்தைகளை அடுக்கிவிட்டு நீங்கள் போய் ஓய்வெடுங்கள் என்றார். மெத்தைகள் வந்தன. மெல்லப் பிடியைத் தளர்த்தினோம், அவ்வளவுதான், அவள் மடாரென்று ஒரு சாண் இறங்கினாள், நாங்கள் அலறிக்கொண்டு திரும்பவும் இழுத்துப் பிடித்ததும் நின்றாள். மாவட்ட அலுவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மெத்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று முதல் விரிப்பு இறங்கவில்லை. மறுநாள் மாநகராட்சி சர்வேயர் வந்து எதிர்ச்சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டார், அதற்கு மறுநாள் வந்து இன்னொரு கோடு போட்டார், இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணியின் அகலம் இருந்தது. அவள் இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். நாலு வருடத்தில் வந்து சேர்வாள் என்று கணக்கு சொன்னார்கள், ஆனால் மூன்று மாடி வேகமும் அவளுக்குள் அப்படியே இருக்கிறது, அது எந்த நொடியில் அவிழும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஐந்து நிலையங்களும் பங்கு போட்டுக்கொண்டன. உப்பளத்து ஆட்கள் பேசாமல் நிற்பார்கள், ரயிலடி ஆட்கள் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டே நிற்பார்கள், ஆற்றுப்பாலத்துக்காரர்கள் கட்சி அரசியல் பேசி ஐந்தாம் பிடியும் ஆறாம் பிடியும் முறைத்துக்கொள்ளும், மில்கேட் ஆட்கள் நின்றபடியே தூங்கப் பழகினார்கள், கை மட்டும் தூங்காது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது, ஒன்றாம் பிடி மாறி, இரண்டாம் பிடி மாறி, பத்து முடியக் கால் மணி நேரம் ஆகும். ரோல்காலே அங்கேதான் நடந்தது. இல்லாதவனுக்காக ‘ஆஜர்’ சொல்லும் வழக்கம் அன்றோடு போய்விட்டது, ஏன் போனது என்று மற்ற நாலு நிலையங்களும் எங்களைக் கேட்கவில்லை.

ஊர் பழகிவிட்டது. இதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம், ஒரு பெண் அந்தரத்தில் நிற்பது அல்ல. முதல் வாரம் கும்பல் கும்பலாக வந்து அழுதவர்கள் மூன்றாம் வாரம் பழம் வாங்கப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தார்கள், மூன்றாம் மாதம் நிமிராமலே போனார்கள். பஸ்ஸைச் சுற்றி விட்டார்கள், அந்த நிறுத்தத்துக்குச் ‘செண்பகவல்லி’ என்றே டிக்கெட் கேட்டார்கள். முந்தானைத் தீயில் கற்பூரம் ஏற்றிக்கொள்ளலாமா என்று ஏணி கேட்டு ஒரு கூட்டம் வந்தது, தீயணைப்புத் துறையிடம் வந்து தீ கேட்கிறீர்களே என்று விரட்டினோம். குடும்ப அட்டைக்கு ரேகை வேண்டும் என்று ரேஷன் கடைக்காரர் மெஷினோடு ஏணியில் ஏறி அவள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார், ரேகை ஒரே தடவையில் விழுந்தது, கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். கணவன் மனைவி சண்டையா, அவள் கீழே வந்து நின்று சத்தியம் செய்தார்கள். ஊரில் தீ அழைப்புகளே பாதியாகக் குறைந்தன, தீயணைப்புக்காரர்கள் கை ஓய்வில்லாமல் நிற்கிறார்களே என்று ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்களாம். இவ்வளவு நல்ல சனங்கள்தான் அந்த ஆறு நிமிடமும் ஜன்னலைப் பார்க்காமல் நின்றவர்கள்.

ஆவுடையை யாரும் சொல்லவில்லை. அவளைத் தகனம் செய்த அன்று ஆற்றங்கரையில் முப்பது பேர் இருந்தார்கள், கடைவீதியில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். கட்டடத்துக்காரர் வெள்ளையடித்து, அந்த மூன்றாம் மாடி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார், எட்டிப் பார்க்கிறவர்கள் தொல்லை தாங்கவில்லை என்றார். மறு வருடம் அந்தப் பூச்சின் மேல் ஒரு சிமெண்ட் விளம்பரம் வந்தது.

இருவரையும் பெற்றவர் நயினார். பஸ் ஸ்டாண்டு வாசலில் பைகளுக்கு ஜிப் தைக்கிறவர், மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார், மனைவி முன்னமே காலமாகிவிட்டாள். தகனம் முடிந்து தலை ஈரத்தோடு நேரே விரிப்புக்கு வந்தவர், அதன் பின் ஒரு நாள் தவறாமல் காலை எட்டரைக்கு வருவார், பெரிய மகளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்குப் போவார். பத்தாம் நாள் அவர் அண்ணாச்சியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இவ கீழ வந்ததும் மொதல்ல தங்கச்சியத்தான் கேப்பா அண்ணாச்சி. எனக்கு வாய் வராது. நீங்க சொல்லிருங்க.”

அண்ணாச்சி சொல்லுகிறேன் என்றார்.

அப்போது அவர் பத்தாம் பிடியைப் பிடித்திருந்தார். முதல் நாள் சாயங்காலமே அதைப் பிடித்துவிட்டார். தலைமையாள் விரிப்பைத் தொடக் கூடாது என்று யாரோ நினைவுபடுத்தியபோது அவர் பார்த்த பார்வையில் அவன் தள்ளிப் போய்விட்டான். எங்கள் முறை வரும்போதெல்லாம் அவர்தான் பத்து. பதவி உயர்வு வந்தது, எழுதிக் கொடுத்து வேண்டாம் என்றுவிட்டார். அறிக்கையில் பத்துப் பேர் பிடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான், அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர். குடியரசு தினத்தன்று பத்துப் பதக்கம் வந்தது. கொம்பையாவுக்கும் ஒன்று. வாங்கிக்கொண்டு வந்தவன் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியில் அதை எறிந்துவிட்டு, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான்.

நயினார் தினமும் ஒரு கேள்வி கேட்பார். அங்கே என்னத்தைப் பார்க்கிறாள் என்று. அவள் கண் போகிற திசையில் அவரும் பார்ப்பார், அவ்வளவு உயரத்திலிருந்து அவள் பார்வை எங்கே விழுகிறது என்று சரியாகக் கண்டுபிடிக்க முடியாது, சும்மா பார்க்கிறாள் என்று நாங்கள் ஆளுக்கொரு நாள் சொல்லுவோம். ஆயிரம் தடவை அந்தப் பொய்யைச் சொல்லியிருப்போம்.

ஒரு தடவை எனக்குத் தாங்கவில்லை. மழைக்காலம், விரிப்பில் தேங்கும் தண்ணீரை ஒரு பக்கம் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தோம். அவளிடம் என்னதான் சொல்லப் போகிறீர்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

“தங்கச்சி செத்துட்டான்னு சொல்லுவேன்.”

“எதனால செத்தான்னு கேட்டா?”

“புகைன்னு சொல்லுவேன்.”

“அது மட்டுந்தானா அண்ணாச்சி?”

அவர் கித்தானைச் சாய்த்து மிச்சத் தண்ணீரை வடித்தார். எனக்குக் கோபம் வந்தது, ஒன்பது பேர் என்று தெரிந்திருந்தால் அவள் நின்று யோசித்திருப்பாள், அதற்குள் நாமே அந்தப் பிடியில் ஒருத்தரை நிறுத்தியிருப்போம், இல்லாத ஆளைச் சொன்னதால்தான் அவள் அந்தரத்தில் நிற்கிறாள் என்று என்னென்னவோ பேசிவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒன்பதுக்கு அப்புறம் ஆள் இல்லை என்று நீயும் கத்தியிருக்கலாமே, ஏன் கத்தவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது, அதைத்தான் நான் அன்றைக்குப் பார்த்தேன்.

மூன்றாவது ஆடியும் போய் ஆவணி பிறந்தது. அவள் எங்கள் தலைக்கு மேல் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாள். விரிப்புக்கு இன்னும் மூன்றடி, கணக்குப்படி இன்னும் ஒரு வருடம். மாநகராட்சி விழாக் குழு போட்டது, எந்த மண்டபம், யார் தலைமை என்று பேச்சு நடந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட ஒரு பாட்டுகூட எழுதிவிட்டார்கள். பக்கத்தில் பார்க்க அவள் முகம் மிகவும் சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. நெற்றியில் வியர்வை உருண்டு நின்றது, மூன்று வருடத்து வியர்வை, இன்னும் காயவில்லை.

ஒரு வியாழக்கிழமை, எட்டரை மணி. ரயிலடி ஆட்களிடமிருந்து நாங்கள் பிடியை வாங்கி முடித்திருந்தோம். நயினார் வந்தார், தோளில் ஜிப் பை, நிமிர்ந்து மகளைப் பார்த்தார், அவள் கண் போகும் திசையில் மெதுவாகத் தலையைத் திருப்பினார். இப்போது உயரம் இல்லை, திசை தப்ப வழியில்லை. அவர் பார்வை நேராக அண்ணாச்சியின் நெஞ்சில் வந்து நின்றது.

“ஒங்களயா அண்ணாச்சி பாக்கா?” என்றார் நயினார்.

நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, கித்தானைப் பார்த்தேன். அவர் குரல் ரோல்காலில் பேர் கூப்பிடுகிற குரலாகவே வந்தது. “என்னயப் பாக்கல. இந்த எடத்தப் பாக்கா. அன்னைக்கு இங்கன ஆளு கிடையாது. பத்துன்னு சொன்னது நான்தான்.”

நயினார் திட்டுவார், அடிப்பார், அழுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், எதுவானாலும் பிடியை விட்டு நகர முடியாத நிலையில் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றோம். அவர் தோள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். “அப்பம் ரெண்டையும் நீங்களே அவகிட்டச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். வேலைக்குப் போகிற வேகத்தில்தான் நடந்தார். அண்ணாச்சி நிலையத்து எழுத்தரை அனுப்பி மூன்று வருடத்துப் பழைய சம்பவப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார், ஒரு கையால் பிடியைப் பிடித்தபடி மறு கையால் பத்து என்பதை அடித்து ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் நீட்டிய பதிவேட்டில் நாங்கள் ஒன்பது பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டோம், என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

மணி ஒன்பது பத்துக்கு அவள் விழுந்தாள். கையெழுத்துப் போட்டதால்தானா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மூன்றடியில் மூன்று மாடி பாரம் வந்து இறங்கியது. விரிப்பு தரையைத் தொட்டு எழும்பியது, என் தோள் மூட்டு சத்தம் போட்டது, முழுப் பாரமும் பத்தாம் பிடியின் பக்கம் சாய்ந்தது, அண்ணாச்சியின் இரண்டு விரல்கள் முறிந்தன, அவர் விடவில்லை. முந்தானைத் தீ புஸ்ஸென்று வளர்ந்து எழுந்தது, நான் உள்ளங்கையால் அறைந்து அணைத்தேன். மூன்று வருடத்துக்கு அப்புறம் அது சுட்டது.

கடைவீதியே ஓடி வந்தது. கும்பிட்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், யாரோ பட்டாசுக்கு ஓடினான். செண்பகவல்லிக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு நொடிதான் ஆகியிருந்தது. எழுந்து உட்கார்ந்தாள், இருமினாள், முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கிக்கொண்டு மேலே அண்ணாந்து, நாங்கள் யாரும் ஆயுசுக்கும் மறக்க முடியாதபடி, சந்தோஷமாகக் கூப்பிட்டாள். “ஏட்டி ஆவுடை, நல்லாப் பிடிக்காவ, குதி.”

மேலே சுவர் இருந்தது. சிமெண்ட் மூட்டையைத் தோளில் தூக்கிய ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அந்தச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாள். பட்டாசுக்குப் போனவனை யாரோ நிறுத்திவிட்டார்கள், தெரு முழுக்க அடங்கிவிட்டது, அன்று முதல் தடவையாகக் கடைவீதி மொத்தமும் அந்த ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தது.

“ஜன்னல எங்க?” என்றாள். “இப்பத்தான இருந்துச்சு.”

அண்ணாச்சி முறிந்த விரல்களோடு பிடியைப் பிடித்தபடியே பேசினார். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு எதுவும் அவருக்கு வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது.

“தாயி, நீ குதிச்சு மூணு வருசமாச்சு. அன்னைக்குப் பத்தாவது எடத்துல ஆளு இல்ல, நான் இருக்குன்னு பொய் சொன்னேன். நீ நடுவுல நின்னுட்ட. ஒன் தங்கச்சி நீ எறங்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னா. நாங்க ஒன்னயவே பாத்துக்கிட்டு நின்னோம். அவ குதிக்கல தாயி.”

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரிப்பைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எண்ணி முடித்ததும் கித்தானின் மேல் தவழ்ந்து விளிம்புக்கு வந்து, இறங்கி, எனக்கும் எட்டாம் ஆளுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள். அவள் கை என் கையை உரசியது, இன்னும் தீயின் சூடு அதில் இருந்தது.

“இப்பம் பத்துப் பேரு இருக்கியள்லா,” என்றாள், சுவரை அண்ணாந்து பார்த்தபடி. “பேசாமப் பிடிங்க.”

நாங்கள் பிடித்தோம். கடைவீதிச் சனங்களும் ஒவ்வொருவராக வந்து பிடிகளுக்கு நடுவே கித்தானைப் பற்றிக்கொண்டு மேலே பார்த்தார்கள். நயினார் வந்து சேரும்வரை ஒருத்தரும் கையை எடுக்கவில்லை.